மோப்பத்துக்காக நான் இருமிய கதை

திருவனந்தபுரம் ஆரியசாலையில் இரண்டே முக்கால் சென்ட் இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் கட்டியவன் நான். அந்த இடம் சதுரமும் இல்லை, நீளமும் இல்லை. தோசைத் திருப்பி மாதிரி முன்னால் அகலம், பின்னால் வெறும் கைப்பிடி. இதில் ஆட்டுக்கொட்டகைகூட நிற்காது என்று சொல்லி, படித்த இன்ஜினியர் ஒருவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கட்டினேன். சந்துக்குள் லாரி நுழையாது என்றார்கள், மணலைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தேன். கிணறு தோண்டினால் பாறைதான் வரும் என்றார்கள். பாறை வந்தது. அதையும் தோண்டினேன். பதினான்கு வயதில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றுச் சட்டை இல்லாமல் பஸ் ஏறி, பழவங்காடியில் இறங்கி, பிள்ளையாருக்கு உடைக்க ஒரு தேங்காய்க்கும் வழியில்லாமல் வெறுங்கையால் கும்பிட்டுவிட்டுச் சாந்துச்சட்டி தூக்கி, பிறகு கண்ட்ராக்டர் ஆனவன் இவ்வளவும் செய்தான். இன்றைக்கும் அந்தக் கட்டிடத்தில் ஒரு விரிசல் காட்டுங்கள், நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

இவ்வளவும் கட்டியவனுக்கு ஒன்றே ஒன்று கட்டத் தெரியவில்லை. மூத்திரப்புரை.

அதைக் கட்டியவர் மோப்பம். இந்தத் திருவனந்தபுரத்தில் அவரைப் போல் ஒரு மூக்கோடு இதற்கு முன் ஒருவரும் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், ஆட்டோ பிடித்து வந்து பார்க்கிறேன்.

முதலில் என் கஷ்டத்தைச் சொல்லிவிடுகிறேன். லாட்ஜில் நாற்பது பேர். சாரம் கட்டுகிறவர்கள், பெயிண்டர்கள், ஓட்டல்காரர்கள், கடைப் பையன்கள். பின்பக்கக் கைப்பிடியில் சுவரோடு சேர்த்து மூன்று பீங்கான் கிண்ணம் வைத்திருந்தேன். நம் ஆட்களிடம் ஒரு மரியாதை உண்டு. ஒண்ணுக்குப் போனால் இரண்டு கப் தண்ணீர் ஊற்றாமல் வரமாட்டார்கள். நாற்பது பேர், ஆளுக்கு ஐந்து தடவை. கிணறு மாசி மாதமே வற்றியது. மூத்திரமும் தண்ணீருமாகச் சேர்ந்து செப்டிக் டேங்க் தைப்பூசத்துக்குள் நிரம்பியது. நாற்றத்துக்குப் பினாயில் ஊற்றினேன். மூத்திரமும் பினாயிலும் கல்யாணம் பண்ணி மூன்றாவதாக ஒரு நாற்றத்தைப் பெற்றுப் போட்டன.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். போனக்காட்டுத் தேயிலை மலையில் வேலை இல்லாமல் இறங்கி வந்தவர். அறுபது வயதிருக்கும். ஒல்லி. கையில் ஒரு துணிப்பை. படுக்க ஒரு கட்டில் வேண்டும் என்று வாசல் வரை வந்தவர், படியில் கால் வைக்கவில்லை. தூரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரித் தலையைத் தூக்கினார்.

“மொதலாளி, மூணுல நடுவுல உள்ளதுக்கு குழாயில கல்லு கட்டியிருக்கு.”

“நீரு இன்னும் உள்ளேயே வரல்லியே ஓய்?”

“நான் வரல. அது வந்துட்டு.”

அப்போதே பெயர் விழுந்துவிட்டது. மோப்பம். மலையாளிகளுக்கு மோப்பம் சேட்டன்.

மலையில் முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை என்ன தெரியுமா? அரைத்த இலையைத் தரையில் பரப்பிப் போட்டிருப்பார்களாம். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் திரும்புகிற நிமிடத்தை மூக்கால் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் டீ கசக்கும், பிந்தினால் புளிக்கும். “என் மூக்க கேட்டுட்டுத்தான் மொதலாளி அடுப்பு எரியும்” என்பார். இதைச் சொல்லும்போது நடந்துகொண்டே சொல்வார். அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார். தூக்கத்தில்கூட வலது கால் ஆடும். கட்டில் ஆடி, மேல் கட்டில்காரன் பூகம்பம் என்று ஒருநாள் தெருவுக்கு ஓடியிருக்கிறான்.

மறுநாளே என் பீங்கான் மூன்றையும் கழற்றச் சொன்னார்.

“மூணு பிளாஸ்டிக் கேன் வேணும், மூணு புனல் வேணும், மூணு பந்து வேணும்.”

“பந்து எதுக்கு ஓய்? வெளையாடவா?”

“அடைக்க.”

சாலைக் கடைத்தெருவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். மேசையில் தட்டி விளையாடுகிற வெள்ளைப் பந்து. மோப்பம் பைக்குள்ளிருந்து புனலை எடுத்து, ஒவ்வொரு பந்தாக அதில் போட்டு, அடியில் வாயை வைத்து ஊதினார். “இது கசியுது.” அடுத்தது. “இதுவும் கசியுது.” பதினொரு பந்தைத் தள்ளினார். கடைக்காரர் மலையாளி, பொறுமைசாலி. கடைசியில் எந்த டீமில் ஆடுகிறீர் என்று கேட்டார்.

“சேட்டன் ஏது டீமிலாணு களி?”

“மூத்திரப்புரையில” என்றார் மோப்பம்.

கேனைச் சாய்வாக வெட்டிச் சுவரில் பொருத்தினால் அதுவே கிண்ணம். அதன் கழுத்தில் புனல். புனலுக்குள் பந்து. மூத்திரம் வந்தால் பந்து மிதந்து வழிவிடும். நின்றதும் தானாக இறங்கி ஓட்டையில் உட்கார்ந்துகொள்ளும். கீழே உள்ள நாற்றம் கீழேயே கிடக்கும். தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். அதிலிருந்து அகலமான பிளாஸ்டிக் குழாயை நல்ல சரிவில் விட்டு, மூடின பீப்பாயில் இறக்கினார். பீப்பாய் நிறைந்தால் மூடி ஒரு மாதம் ஆறப்போடுவார். அப்புறம் கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏத்தன் வாழை போட்டிருந்த ஒருவர் வந்து எடுத்துப்போய், பல பங்கு தண்ணீர் கலந்து வாழை மூட்டில் ஊற்றுவார். ஓணத்துக்கு அவர் கொண்டுவந்த குலையை லாட்ஜ்காரர்கள் முதலில் தொடவில்லை. ஒருவன் தொட்டான். பிறகு எனக்குக் காம்புதான் கிடைத்தது.

காலை ஆறு மணிக்கு மோப்பத்தின் பூஜை தொடங்கும். ஈரத்துணியால் மூன்று கேனையும் துடைப்பார். முடி, நூல், பீடித்துண்டு இருந்தால் பொறுக்குவார். பந்தை எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுவார். சனிக்கிழமை தோறும் வெந்நீரும் சுர்க்காவும் குழாயில் விடுவார். சுர்க்கா என்றால் வினிகர்தான், இங்கே அப்படிச் சொன்னால்தான் கடையில் தருவார்கள். கடைசியாக மண்டிபோட்டு முட்டுக்குத்தி ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு. “பதம்” என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாற்பது பேரும் துண்டோடு வரிசையில் நிற்பார்கள்.

அப்புறம் படிக்கட்டில் ஏறி இறங்கிச் சட்டம் வாசிப்பார்.

“தண்ணி ஊத்தப்படாது, பீடி போடப்படாது, பாக்கு துப்பப்படாது, பந்த தொடப்படாது!”

“அப்போ மோளவாவது செய்யலாமா பெரியவரே?” என்றான் மேல்மாடியிலிருந்து ஒருவன்.

“மோளலாம். குறி பாத்து.”

ஒருநாள் இரண்டாம் மாடிப் பெயிண்டரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். “லேய், உன்னுது கட்டஞ்சாயா நிறத்துல இருக்கு. நாள் முழுக்க வெயில்ல சாரத்துல தொங்குத. தண்ணி குடிச்சியா?”

“என்னுதுன்னு எப்படித் தெரியும் ஒமக்கு?”

“எலைக்கு எலை வாசம் வேறல்லா? நாளைக்கு லைட் டீயா இருக்கணும். இல்லேன்னா பந்த எடுத்து உன் தொண்டையில போடுவேன்.”

மறுநாள் முதல் அந்தப் பெயிண்டர் இரண்டு லிட்டர் பாட்டிலோடு வேலைக்குப் போனான். சிரிக்காதீர்கள். ஒரு காலையில் என்னிடமே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்து, காதருகே குனிந்து, “மொதலாளி, நேத்து கீழ வந்தது நீங்கதானே? சுகர் பாத்துருங்க” என்றார். நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். மூன்று மாடி கட்டியவனுடைய மூத்திரத்தை மோந்து பார்க்கிறானே! கோபம் அடங்காமல் பொய்யென்று நிரூபிக்கவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருந்தது. என் வீட்டு எறும்புக்கு முன்னால் கண்டுபிடித்தவர் மோப்பம்.

புகழ் பரவிவிட்டது. டீத்தூளில் கலப்படமா, மோப்பத்தைக் கூப்பிடு. ஏலக்காய் பழசா, மோப்பத்தைக் கூப்பிடு. என் லாட்ஜுக்கு ஒட்டின கிடங்கு பெருங்காய அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மொத்த வியாபாரம். பெருங்காயக் கட்டியில் எத்தனை பங்கு மாவு என்று மோப்பம் தட்டில் வைத்த மாதிரி சொல்வார். அண்ணாச்சி தன் நாற்காலியையே நகர்த்திப் போட்டு, “இரியுமய்யா” என்பார். இவர் அதைச் சுற்றி நடந்துகொண்டே மோந்துவிட்டு வருவார். மலையில் கிடைக்காத மரியாதை இங்கே கிடைத்தது. அதெல்லாம் அந்த மூக்குக்கு.

பிறகு ஊரையே பூட்டிப்போட்ட அந்தக் காய்ச்சல் வந்தது. லாட்ஜ் காலியானது. எல்லோரும் நடந்தும் பஸ்ஸிலும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மோப்பம் மட்டும் காவலுக்கு நின்றார். நடுவில் ஒரு வாரம் ஆளைக் காணோம். கேட்டதற்கு “சின்ன ஜலதோசம் மொதலாளி” என்று முடித்துவிட்டார்.

திறந்ததும் புதுக்கூட்டம் வந்தது. பாதிப்பேர் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர்கள். மீதிப்பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள். அம்மாவிடம் தமிழ், மற்ற எல்லோரிடமும் மலையாளம். பழைய ஆட்களுக்குச் சட்டம் மனப்பாடம், இவர்களுக்குத் தெரியாதே! மோப்பம் வந்து நின்றார். நின்றார் என்றால் நடந்தார்.

“மொதலாளி, செவுத்துல பெருசா எழுதிப் போடணும். தண்ணி ஊத்தப்படாதுன்னு. எனக்கு எழுத வராது.”

பெயிண்டர்கள் ஆறு பேர் லாட்ஜில் இருக்கிறார்கள். ஒருவனைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் கட்டிடம், என் சுவர். நானே சிவப்புப் பெயிண்டை எடுத்தேன். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று தண்ணீரை ‘வெள்ளம்’ என்றேன். இந்த ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர்தான், கைக்குழந்தைக்கும் தெரியும். அடுத்த சொல்லுக்கு மட்டும் என் புத்தி தமிழ்நாட்டுக்கு ஓடியது. சுவர், சிவப்புப் பெயிண்ட், ஆச்சரியக்குறி மூன்றும் சேர்ந்தால் ‘ஒழிக’ தானே வரும்? அதிலும் கை வேகத்தில் ஒரு ‘க்’ கூடுதலாக விழுந்தது. ஆளுயர எழுத்தில் எழுதி முடித்தேன்.

வெள்ளம் ஒழிக்க!

மலையாளத்தில் ‘ஒழிக்க’ என்றால் ஊற்று. ஐம்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் சாந்துக்கு வெள்ளம் ஒழித்தவன் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

தென்காசிக்காரர்கள் அதைப் படித்து, தண்ணீரை ஒழிக்கச் சொல்கிறார் கண்ட்ராக்டர் என்று தண்ணீரைத் தொடவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகள் தமிழ் எழுத்துத் தெரியாமல் பக்கத்தில் இருந்தவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முதலாளியே எழுதி வைத்திருக்கிறார் என்று பக்கெட் பக்கெட்டாக ஊற்றினார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரும் மூத்திரமும் சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்பு பூசின மாதிரிக் கல் கட்டியது. பந்துகள் ஒட்டிக்கொண்டு பாதி திறந்தபடி நின்றன. நாற்றம் கிளம்பியது.

இதில் எனக்கு விளங்காத ஒன்று. மோப்பம் தினமும் ஆறு மணிக்கு முட்டுக்குத்தி மூக்கை வைத்து, “பதம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ சந்து முனையிலேயே குமட்டுகிறது. அவர் சொல்லும்போது சந்தேகப்பட முடியுமா? என் மூக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

பெருங்காய அண்ணாச்சி நினைக்கவில்லை. புகார் கொடுத்துவிட்டார். ஹெல்த் இன்ஸ்பெக்டர் மேடம் ஒருவர் வந்தார். குடையும் டைரியுமாக, சிரிக்காத முகம். மூன்று கேனிலும் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தார்.

“வெள்ளமில்லாத்த மூத்ரப்புரயாணென்னல்லே பறஞ்ஞது? இதெந்தா, குளமோ?”

“தண்ணி ஊத்தப்படாதுன்னு செவுத்துல எழுதிப் போட்டிருக்கு மேடம்” என்று நான் பெருமையாகக் காட்டினேன். மேடத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பக்கத்தில் நின்றவனைப் படிக்கச் சொன்னார். அவன் உரக்கப் படித்தான். மேடம் குடையைத் தரையில் ஊன்றினார்.

“வெள்ளம் ஒழிக்கான் எழுதி வெச்சிட்டு, ஒழிக்கருதுன்னு பறஞ்ஞா எங்ஙனெயா? ஆரா இது எழுதியது?”

ஊற்றச் சொல்லி எழுதிவிட்டு ஊற்றக்கூடாது என்றால் எப்படி என்கிறார்! அந்த நிமிடத்தில்தான் எனக்கு உச்சந்தலையில் உறைத்தது. அந்த ‘க்’ மேலிருந்த புள்ளி, தலையில் போட்ட ஆணி மாதிரி. எழுதிய கையை வேட்டி மடிப்பில் ஒளித்தேன். மூன்று மாடி கட்டிய கை!

“நான்தான் மேடம்” என்றார் மோப்பம். “எழுத்து அவ்வளவா வராது. தப்பாயிட்டு.”

அவ்வளவா வராது! அவருக்கு ‘அ’னாவே தெரியாது. நான் வாயைத் திறந்தேன். அவர் என் காலை மிதித்தார்.

மேடம் மூன்று நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் வந்து பார்க்கும்போதும் நாற்றம் இருந்தால் லாட்ஜைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவேன் என்றார். நாற்பது பேர் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை இப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. இந்தக் கட்டில் போனால் அவர்களுக்குக் கடைத் திண்ணைதான்.

அன்று சாயங்காலம் மோப்பத்தைத் தனியே கூப்பிட்டேன். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன்.

“கண்ண மூடும்வே.”

மூடினார். கால் மட்டும் ஆடியது. அண்ணாச்சி கிடங்கிலிருந்து வாங்கிவந்த பெருங்காயக் கட்டி, கோலிக்குண்டு அளவு. பிணத்தை எழுப்பும். மூக்கிலிருந்து அரை அங்குலத்தில் பிடித்தேன்.

“என்ன வாசம்? சொல்லும்.”

வெகுநேரம் இழுத்தார். முகமெல்லாம் வியர்த்தது.

“ஏலக்காய்” என்றார்.

கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. ஏழு வருடத்தில் அதை நான் முதல்முறை பார்த்தேன்.

“காய்ச்சலோட போயிட்டு மொதலாளி. திரும்பி வந்துரும்னு நெனச்சேன். கடைக்காரங்களுக்குத் தெரிஞ்சா அப்புறம் நான் யாரு? மூக்கில்லாத மோப்பத்துக்கு எவன் நாற்காலி போடுவான்?”

“போட்டா மட்டும் நீரு இரிக்கீரா?”

சிரித்தார். நான் ‘க்’ போட்டேன், அவர் வாங்கிக்கொண்டார். அவர் மூக்கு போனது, நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? கணக்கு நேர்.

அந்த மூன்று நாள் நான் செய்த வேலையை ஐம்பத்தைந்து வருடக் கட்டிட வேலையில் செய்ததில்லை. சுவரெழுத்தைச் சுரண்டினோம். லாட்ஜில் உள்ள கப்பு, பக்கெட் எல்லாவற்றையும் பூட்டி வைத்தோம். குழாயைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாகக் கல், விரல் தடிமன். மோப்பம் சுர்க்காவை ஊற்றி ஊறவைத்து, வெந்நீர் விட்டு, கம்பியால் குத்தி எடுத்தார். பந்துகளை மாற்றினார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் என்னைப் பார்ப்பார். நான் வேட்டியை மடித்துக்கட்டி, எழுபது வயது முழங்காலை மடக்கி, கேனுக்குள் மூக்கை நுழைப்பேன்.

“எப்படி இருக்கு?”

“நாறுது ஓய்.”

“நாறுதுன்னு சொன்னா எப்படி? புளிச்சா, காந்தலா, அழுகலா?”

“மூத்திரம் மாதிரி நாறுது!”

“மொதலாளி, கட்டடத்துக்கு வெறும் சிமெண்டுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? எத்தனைக்கு எத்தனைன்னு கேக்க மாட்டீங்களா? நெதானமா இழுங்க. மொத வாசத்த விடுங்க. ரெண்டாவது என்ன வருது?”

இழுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாவது நாள் இரண்டாவது வாசம் வந்தது. காந்தல். “கல்லு பாக்கி இருக்கு” என்று அவர் மறுபடி கம்பியை எடுத்தார். மூன்றாம் நாள் காலையில் முட்டுக்குத்தி இழுத்தேன். பிளாஸ்டிக் வாசம், கொஞ்சம் சுர்க்கா, வேறொன்றும் இல்லை. “பதம்” என்றேன். நான் மூன்று மாடி காங்கிரீட் போட்ட அன்றைக்குக்கூட அப்படிக் கத்தியதில்லை.

மேடம் வந்தார். கேன்களைக் குனிந்து பார்த்தார். உலர்ந்திருந்தன. மூக்கைச் சுளித்து இழுத்தார், சுளிப்பு தானாகவே அவிழ்ந்தது. “குழப்பமில்லல்லோ” என்று, அதாவது குறையொன்றும் இல்லை என்று, டைரியைத் திறந்தார். அந்நேரம் பெருங்காய அண்ணாச்சி சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

“மேடம், எனக்க கிடங்குல இப்பவும் நாத்தம் வருது கேட்டேளா! இவனுவ மேல பூசியிருக்கானுவ!”

“பின்னெ எவிடுந்நா வருந்நது?” நாற்றம் எங்கிருந்து என்று மேடம் கேட்டார்.

“மோப்பம் வரட்டும். மோந்து காட்டட்டும். அவரு சொன்னா நான் ஒத்துக்கிடுதேன். ஆரியசாலையில வேற மூக்கு உண்டா?”

மோப்பம் என்னைப் பார்த்தார். நான் மோப்பத்தைப் பார்த்தேன். போகிற வழியில் காதில் சொன்னேன். “ஒரு இருமல்னா இடது. ரெண்டுன்னா வலது. கனைச்சா நேரே.”

ஊர்வலம் கிடங்குக்குள் நுழைந்தது. முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மோப்பம், பின்னால் நான், எனக்குப் பின்னால் மேடம், கடைசியில் அண்ணாச்சி. உள்ளே இருட்டு, பெருங்காயம் கண்ணைப் பிடுங்கியது. மற்ற எவனுக்கும் அங்கே வேறு வாசம் தெரியாது. மூன்று நாள் படித்த மூக்கு எனக்கு. முதல் வாசத்தை விட்டேன். இரண்டாவதை இழுத்தேன். கனைத்தேன். மோப்பம் நேரே போனார். ஒருமுறை இருமினேன். கம்பீரமாக இடது திரும்பினார். “அம்போ!” என்றார் மேடம்.

இடது பக்கம் வத்தல் மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

தொண்டையில் நெடி ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, நிற்கவில்லை. நிஜ இருமல். மோப்பம் பாவம், இடது திரும்பினார், வலது திரும்பினார், இடது, வலது, நேரே, கோயில் யானை மாதிரி நின்ற இடத்தில் சுழன்றார். அவர் பின்னாலேயே மேடமும் குடையோடு சுழன்றார். “வல்லாத்த மணமாணு!” என்று அண்ணாச்சியிடம் சொன்னார், கடுமையான வாசமாம். அண்ணாச்சி பக்தியோடு தலையாட்டினார்.

கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மூச்சை இழுத்தேன். மிளகாய்க்கும் பெருங்காயத்துக்கும் கீழே, மெல்லிசாக, அதே காந்தல். பின்கதவுப் பக்கம். இருந்த உயிரையெல்லாம் திரட்டி ஒரே ஒரு இருமல் இருமினேன். மோப்பம் இடது திரும்பி, கதவைத் தள்ளித் திறந்தார்.

வெளிச்சம் அடித்தது. கிடங்கின் பின்சுவர். இடுப்பு உயரத்துக்கு வரைபடம் வரைந்த மாதிரிக் கறை. அதன் முன்னால் அண்ணாச்சிக்கு மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர் ஒருவர், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். தலையை மட்டும் திருப்பி, “இன்னா வந்துட்டேன் அண்ணாச்சி, பாதிதான் ஆயிருக்கு” என்றார்.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பன்னிரண்டு சுமட்டுக்காரர்களுக்கு அவர் ஒரு கேன்கூட வைத்ததில்லை. மேடம் டைரியில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். எங்கள் லாட்ஜின் சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

“மோப்பம் சேட்டா, இவிடெயும் ரெண்டெண்ணம் வெச்சுக் கொடுக்கணம்” என்றார் மேடம். போகும்போது என்னைப் பார்த்து, “முதலாளி ஆ சுமைக்கு டாக்டரெ காணணம்” என்றார். இருமலுக்கு இங்கே சுமை என்று பெயர். சரியான பெயர்தான்.

அதன் பிறகு சந்து சந்தாக மோப்பம் கேனும் பந்துமாக அலைந்தார், நான் பின்னால் இருமிக்கொண்டே போனேன். கண்ட்ராக்டருக்குக் காசநோய் என்று ஊரில் பேச்சு. பரவாயில்லை.

இப்போது அவர் மலையில் மகள் வீட்டில் இருக்கிறார். மூக்கு கால்வாசி திரும்பியிருக்கிறதாம். பால் தீய்ந்தால் தெரிகிறது, மழை வாசம் இன்னும் வரவில்லை என்கிறார். தினமும் காலை ஆறு மணிக்குப் போன் அடிக்கும். பேசும்போது மகள் வீட்டு முற்றத்தில் அவர் நடக்கிற சத்தம் கேட்கும். “மொதலாளி, இன்னிக்கி எப்படி?” நான் முட்டுக்குத்தி இழுத்துவிட்டுச் சொல்வேன். இந்த ரகசியத்தை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதுங்க, இனி என் மூக்க கேட்டு எவன் அடுப்பு எரிக்கப் போறான்” என்றார்.

எழுதக் காரணம் இருக்கிறது. கடைத்தெருவில் எங்கள் மாதிரியிலேயே, அதே சாய்வு, அதே புனல், அதே பந்து வைத்து ஒரு நீண்ட மூத்திரப்புரை வரிசை கட்டி முடித்திருக்கிறார்கள். திறப்பு விழா நோட்டீஸ் நேற்று என் கைக்கு வந்தது. திட்டம் இன்னார், ஆலோசனை இன்னார், வாழ்த்துரை இன்னார் என்று பக்கம் முழுக்கப் பெயர். ஒருத்தராவது ஒருநாள் முட்டுக்குத்தியிருப்பாரா? அதில் மோப்பம் இல்லை. நானும் இல்லை.

விழாக் கமிட்டியாரே, அந்த நோட்டீஸைத் திரும்ப அச்சடியுங்கள். கேட்டுப் பெறுகிற ஆள் இல்லை நான், ஆனாலும் கேட்கிறேன். முதலில் அவர் பெயர். மோப்பம் என்றே போடுங்கள், ரேஷன் கார்டுப் பெயரைப் போட்டால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. அதற்குக் கீழே என் பெயர். கண்ட்ராக்டர் என்று வேண்டாம், லாட்ஜ் உரிமையாளர் என்று வேண்டாம், ‘மோந்து பார்த்துச் சொன்னவர்’ என்று போடுங்கள். அதற்கப்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எத்தனை பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் மட்டும் ஒருத்தரும் வரக்கூடாது.